தீர்மானத்துக்கு அடங்காத நான்கு குழிகள்

உலக நாகரிகம் நைல் நதிக்கரையிலும் சிந்து நதிக்கரையிலும் தோன்றியதாகப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரும் சேத்தியாத்தோப்பில் இறங்கி மினி பஸ் மாறியவர்கள் இல்லை. மாறியிருந்தால் வெள்ளாற்றைத் தாண்டி, கல்லுமேடு நிறுத்தத்தில் இறங்கி, ஆண்டி வீட்டு வாசலில் கிடந்த பாறையைப் பார்த்திருப்பார்கள். பார்த்த கையோடு புத்தகத்தை மாற்றியிருப்பார்கள். அவர்கள் செய்யத் தவறிய கடமையை எங்கள் கழகம் ஏற்றுக்கொண்டது. ஒரு சின்ன வித்தியாசம்தான். நாங்கள் புத்தகத்தை மாற்றவில்லை.

கழகத்தின் முழுப்பெயர் 'தென்பெண்ணை–கொள்ளிடம் இடைநிலத் தொன்மை மீட்புக் கழகம்'. லெட்டர்பேடில் இந்தப் பெயர் அச்சான பிறகு கடிதம் எழுத அதிக இடம் மிச்சமிருக்காது. ஆகவே எங்கள் கடிதங்கள் எப்போதும் சுருக்கமாகவும் கம்பீரமாகவும் இருக்கும். தலைவர் வைத்திலிங்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். யாராவது குறுக்கே பேசினால் இப்போதும் கை தன்னிச்சையாகப் பிரம்பைத் தேடும். துணைத் தலைவர் தேவசகாயம், கடலூர்க்காரர், சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழில்நுட்ப ஆலோசகர் ஸ்ரீதர், சிதம்பரத்தில் அப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு வேறெங்கோ இருக்கும் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். சொந்தமாக ட்ரோன் வைத்திருப்பவர். நான் செயலாளர். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காகிதமும் என்னுடையது, கரண்ட்டும் என்னுடையது என்பதால் பதவியும் என்னுடையதாயிற்று.

எங்கள் பக்கத்தில் கல் என்றால் ஒன்று கோயிலில் இருக்கும். இல்லாவிட்டால் மைல்கல்லாக இருக்கும். மற்றபடி தோண்டினால் வண்டல், இன்னும் தோண்டினால் தண்ணீர். இப்படிப்பட்ட பூமியில் தானாகவே ஒரு பாறை கிடக்கிறது, அதன் மேல் யாரோ கிண்ணம் கிண்ணமாகக் குழி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது கழகத்துக்கு ஏற்பட்ட பரவசத்தை விவரிக்க முடியாது. கூட்டக் குறிப்பில் 'பரவசம்' என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

செய்தியைக் கொண்டுவந்தது ஆண்டியின் மகள் இசைவாணி. சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு மத்தியானம் கடைக்கு வந்து செல்போனில் படம் காட்டினாள். பாறை, பாறைமேல் குழிகள், ஓரத்தில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரம். எதற்காக வந்திருக்கிறாள் என்பதை அவள் மறைக்கவும் இல்லை. புதிதாக வரப்போகிற புறவழிச்சாலைக்கு அளவுக்கல் நட்டிருக்கிறார்களாம். கல்லுமேட்டின் பன்னிரண்டு வீடும் அதில் போகிறதாம்.

"கல்லு அந்தக் காலத்துதுன்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னா ரோட்ட தெக்கால தள்ளிப் போட்டுடுவாங்களாம் சார். ரோடு ஆபீஸ்லயே சொன்னாங்க. உங்க கழகம் எழுதுனா ஆளு வந்து பாப்பாங்க. ஊடு தப்பிச்சிடும்."

தொன்மையை மீட்கப் புறப்பட்ட எங்களுக்குப் பன்னிரண்டு வீட்டையும் சேர்த்து மீட்கும் வாய்ப்பு. மறுக்க நாங்கள் யார்?

அந்த ஞாயிற்றுக்கிழமையே கழகம் கல்லுமேட்டுக்குப் புறப்பட்டது. கார் கொடுத்து உதவியவர் தலைவரின் மச்சான் இளவரசு. தலைவர் மனைவிக்குத் தம்பி, சேத்தியாத்தோப்பு 'இளவரசு மகால்' ஏ.சி. திருமண மண்டபத்தின் உரிமையாளர். ஆண்டி நடவு வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி லோகநாயகி வாசலில் கோழிகளை விரட்டி எங்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். தலைவர் பாறையின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு, இந்தக் குழிகளைப் பற்றி மூத்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

"பாத்துப் போ, இடறி உழுந்துடாதேன்னு சொல்லியிருக்காங்க சார்."

"யாரு போட்ட குழின்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. நான் கல்யாணமாயி வரச்சயே கெடந்துச்சு."

'வாய்மொழி மரபு சேகரிக்கப்பட்டது' என்று எழுதிக்கொள்ளும்படி தலைவர் எனக்குச் சைகை காட்டினார்.

அதன் பிறகு குழிகளின் பொருள் பற்றிய ஆய்வு தொடங்கியது. தலைவரின் கருத்துப்படி அது வருகைப் பதிவேடு. ஆழமான குழி ஒழுங்காக வந்தவன். மேலோட்டமான குழி பாதியில் ஓடிப்போனவன். தேவசகாயம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது தமிழகத்தின் முதல் கிரயப் பத்திரம் என்றார். நாற்சீமை தெளிவாக இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் இரண்டு சிறு குழிகள் சாட்சிகளின் கைநாட்டு. காரை விட்டு இறங்காமலே பார்த்த இளவரசு, "இட்லித் தட்டு மாதிரி இருக்குது மாமா" என்றார். அவரவர் ஐம்பது வயதுவரை எதை உற்றுப் பார்த்தார்களோ அது கல்லிலும் தெரிகிறது. இப்படி எல்லோருக்கும் எல்லாமாகத் தெரிவதுதான் தொன்மையின் சிறப்பு.

சண்டையைத் தீர்த்து வைத்தது அறிவியல். ஸ்ரீதர் ட்ரோனை மேலே அனுப்பினார். அது எடுத்த படத்தை லேப்டாப்பில் போட்டதும் லேப்டாப்பே குழிகளை எண்ணிச் சொன்னது: இருபத்தேழு. ஸ்ரீதர் விரல்களை மடக்கினார். பிறகு மெதுவாக, "அஸ்வினி, பரணி, கிருத்திகை..." என்று ஆரம்பித்தார். நட்சத்திரம் இருபத்தேழு. குழி இருபத்தேழு. எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லுமேட்டுக் கோழிகள்கூட அந்த நேரம் சத்தம் போடவில்லை. அவை பஞ்சாரத்துக்குள் இருந்தன.

காரில் திரும்பும்போதே தீர்மானம் தயாராகிவிட்டது. 'கல்லுமேட்டுப் பாறையில் உள்ள இருபத்தேழு குழிகளும் இருபத்தேழு நட்சத்திரங்களைக் குறிக்கும் மூவாயிரம் ஆண்டுப் பழமையான விண்வரைபடம் என இக்கழகம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.' மூவாயிரம் என்பது தலைவர் போட்டது. இரண்டாயிரம் போதுமே என்று கேட்டேன். எப்படியும் குறைப்பார்கள், கூட்டியே கேட்போம் என்றார்.

தீர்மானம் சென்னைக்கு, தொல்லியல் துறைக்குப் போனது. பதினைந்து நாளில் பதில் வந்தது: ஆய்வாளர் நேரில் வருவார்.

இடையில் ஒரு சோதனை. நிலப்படம் பார்ப்பதென்றால் தேவசகாயத்துக்குப் பலகாரம் தின்பதுபோல. சாலை வரைபடத்தை எங்கிருந்தோ வாங்கிவந்து மேசைமேல் விரித்தார். சாலைக்கு இரண்டே தடங்கள் யோசித்திருந்தார்கள். வடக்குத் தடம் கல்லுமேட்டு வீடுகள் வழியாக. அது முடியாமல் போனால் தெற்குத் தடம். தெற்குத் தடத்தின்மேல் தேவசகாயம் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். விரல் இளவரசு மகாலின் சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைந்து, சமையலறை வழியாக வெளியேறியது.

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தொன்மைக்கு முன்னால மச்சான் என்ன, மாமன் என்ன. இந்தக் கல்லு விஷயத்த இனிமே நானே நேரடியா பாத்துக்கறேன்."

இப்படிப்பட்ட தலைவர்களை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. சொந்த மைத்துனனின் மண்டபம் இடிபடும் என்று தெரிந்தும், அதை இடிக்கப்போகிற கல்லின் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். இளவரசுவும் லேசுப்பட்டவர் இல்லை. விவரம் தெரிந்தபின் கழகத்தின்மேல் அவருக்கு முன்பைவிட ஜாஸ்தியாகப் பாசம் வந்தது. இனிமேல் கழகக் கூட்டங்களையெல்லாம் மகாலிலேயே வைத்துக்கொள்ளலாம், சாப்பாடும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

ஆய்வாளர் வருவதற்கு மூன்று நாள் முன்பு, இடத்தைச் சுத்தம் செய்யக் கல்லுமேட்டுக்குப் போனோம். தலைவர் பஞ்சாரத்தை அப்புறப்படுத்தச் சொன்னார். லோகநாயகி தூக்கினார். உள்ளே ஒரு கோழி, ஆறேழு குஞ்சுகள், நான்கு குழிகள்.

இருபத்தேழும் நான்கும் முப்பத்தொன்று என்பதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் தேவசகாயம். முப்பத்தொரு நட்சத்திரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. ஸ்ரீதருக்கு முகம் சிறுத்துவிட்டது. சின்னத் திருத்தம்தானே, சென்னைக்கு மெயில் போட்டால் முடிந்தது என்று சொல்லிப் பார்த்தார். தலைவர் கழகத்தின் விதிகளை அவருக்கு எடுத்துச் சொன்னார். ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தைத் திருத்த வேண்டுமானால் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். பொதுக்குழுவைக் கூட்ட இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். இந்த விதியைப் போன வருஷம் தலைவரே எழுதினார்.

பாறையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, கழகத்தின் வரலாற்றிலேயே முக்கியமான வாக்கியத்தைச் சொன்னார்.

"தீர்மானத்தத் திருத்தணும்னா பொதுக்குழு வேணும். கல்லத் திருத்தக் கொத்தனார் போதும்."

அன்று மத்தியானமே கொத்தனார் கொளஞ்சி வந்தார். இளவரசு மகாலுக்குப் புது மேடை கட்டிக்கொண்டிருந்தவர். அங்கே மிஞ்சிய சிமெண்ட்டையும் கல்மாவையும் இளவரசு மனமுவந்து கொடுத்தனுப்பினார். தன் மண்டபத்துக்கே ஆபத்தான கல்லுக்குத் தன் சிமெண்ட்டையே கொடுக்கும் மனசு யாருக்கு வரும்? தலைவர் மூட்டையை ஒரு கை பிடித்து இறக்கினார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். நான்கு குழிகளும் 'பிற்கால ஆக்கிரமிப்பு' என்று குறிப்பெழுதிவிட்டு அடைக்க ஆரம்பித்தோம்.

லோகநாயகி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"எதுக்கு சார் குழிய அடைக்கிறீங்க?"

"பாதுகாப்புக்கும்மா."

"தொறந்து கெடந்தப்பவே யாரும் தூக்கிட்டுப் போவலியே."

இந்த நான்கும் பின்னால் வந்து சேர்ந்தவை, மூலத்தில் இல்லாதவை என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

"எப்ப வந்துச்சு சார்? நான் இங்கயேதான் இருக்கேன்" என்றார் லோகநாயகி.

தலைவர் கொளஞ்சியிடம், பாதிக் குழியில் நிறுத்திவிட்டாயே, வேலையைப் பார் என்றார்.

கொளஞ்சியின் வேலை நேர்த்தியான வேலை. பூசிய இடமும் கல்லும் ஒன்றாகிவிட்டன. காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச்சாக்குப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளும் அந்தத் தண்ணீரை ஊற்றியது லோகநாயகிதான். அடைத்ததில் அவருக்குச் சம்மதமில்லை. ஆனால் கல்லைப் பார்க்க ஆள் வருகிறார்கள். கல்லுக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாது என்று பயம்.

ஆய்வாளர் பிரிசில்லா தனியாக வந்தார், பொன்னாடையை வேண்டாமென்றார், நேராகப் பாறையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் நல்ல அறிகுறிகள் அல்ல. பல்துலக்குகிற பிரஷ் போல ஒன்றை எடுத்து ஒவ்வொரு குழியாகத் துடைத்துப் பார்த்தார். இருபது குழிவரை அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இசைவாணி லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கட்டத்தில் பிரிசில்லா, "நல்லாவே இருக்குதே" என்றுகூடச் சொன்னார். பிறகு மூலைக்கு வந்து ஈரச்சாக்கைத் தூக்கினார்.

கடலூர் மாவட்டத்துக் கொத்தனார்கள் கலைஞர்கள். வேலை திருப்தியாக அமைந்துவிட்டால், பூச்சு காய்வதற்குள் ஆணியால் பெயரையும் போன் நம்பரையும் கீறிவிட்டுப் போவார்கள். சந்தோஷத்துக்குச் சந்தோஷம், விளம்பரத்துக்கு விளம்பரம். இது ரகசியமான வேலை என்று கொளஞ்சியிடம் நாங்கள் சொல்லவில்லை. முன்னோருக்குச் செய்கிற தொண்டு என்றுதான் சொல்லியிருந்தோம்.

பிரிசில்லா நிதானமாக வாசித்தார்: 'கொளஞ்சி, கொத்தனார். செல்...' பத்து எண்ணையும் வாசித்துவிட்டு நிமிர்ந்து, இது எந்தக் காலத்துக் கல்வெட்டு என்று கேட்டார்.

தேவசகாயம், "பிற்காலம்" என்றார்.

பிரிசில்லா போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் கொளஞ்சி உற்சாகமாக இருந்தார்.

"ஆமாம்மா, நம்ம வேலதான். வைத்திலிங்கம் சார் சொல்லிச் செஞ்சது. பூச்சு எப்பிடி நிக்குது?"

"அடியில குழி இருந்துச்சா?"

"குழி இருந்தாத்தானம்மா அடைப்பாங்க. உங்களுக்கு எங்க அடைக்கணும்?"

பிரிசில்லா போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கண்டனத் தீர்மானம் போட வசதியாக இருந்திருக்கும்.

"நாலை அடைச்ச கை மிச்சம் இருபத்தேழைத் தோண்டலன்னு நான் எப்படி எழுதறது சார்?"

இசைவாணி தன் செல்போன் படங்களைக் காட்டினாள். எல்லாமே சமீபத்தில் எடுத்தவை, எல்லாப் படத்திலும் அந்த மூலையில் பஞ்சாரம் இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, பிரிசில்லா ஒரு வழி சொன்னார். மொத்தம் முப்பத்தொரு குழி இருந்தது, அதில் நான்கை நாங்கள்தான் அடைத்தோம் என்று கழகம் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும். பூச்சை எடுக்கச் சொல்லி, கல்லுக்குத் தானே பரிந்துரை எழுதுவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அதற்குமேல் சாலைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை இசைவாணி என் கடைக்கு வந்தாள். அந்த ஒரு வரியை அவளே டைப் செய்து எடுத்து வந்திருந்தாள். செயலாளர் என்ற இடத்தில் கோடுகூடப் போட்டிருந்தது.

"கையெழுத்து மட்டும் போடுங்க சார். நான் பஸ் ஏறி நேர்லயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

கழகத்தின் தீர்மானம் இருபத்தேழு என்றிருக்கும்போது செயலாளர் முப்பத்தொன்று என்று கையெழுத்துப் போட்டால் அமைப்பு என்ன ஆகும், ஜனநாயகம் என்ன ஆகும் என்பதை அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். பொதுக்குழு, முன்னறிவிப்பு, இருபத்தொரு நாள். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நாலு குழிய அடைக்கறப்ப பொதுக்குழு கூட்டுனீங்களா சார்?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிடக்கூடாது என்பது எங்கள் மரபு. அவள் கொண்டுவந்த காகிதத்தைக் கோப்புக்காக ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அதற்கு நான் காசு வாங்கவில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

வியாழக்கிழமை மகாலில் அவசரக் கூட்டம். தேவசகாயம் எடுத்த எடுப்பிலேயே எழுந்து நின்றார். பத்திரத்தில் தப்பு வந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதுவதில்லையா, இதிலென்ன கௌரவக் குறைச்சல் என்று கேட்டார். "அடைச்சது நாமதான்யா. எழுதிக் குடுத்துட்டுப் போவோம். பன்னண்டு ஊடு போவுது" என்றார். தலைவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார்.

இலை போட்டார்கள். இளவரசு தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறினார். தேவசகாயத்தின் பக்கத்தில் மட்டும் இரண்டு முறை நின்றார். அடுத்த மாதம் அவருடைய பேரனுக்குக் காது குத்து. கூடத்தை எடுத்துக்கொள்ளலாம், ஏ.சி. போட்டே தருகிறேன் என்று குனிந்து காதோரம் சொன்னார். பாயசத்துக்கு முன்பு எதிர்த்து நின்ற தேவசகாயம் பாயசத்துக்குப் பின்பு நடுநிலை வகித்தார். ஸ்ரீதர் வீடியோவில் வந்திருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்ததும் மூடியதும் திரையில் தெரிந்தது. ஆனால் மைக் ம்யூட்டில் இருந்தது. ம்யூட் சம்மதத்துக்கு அறிகுறி என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

முடிவு: விதிப்படி இருபத்தொரு நாள் அறிவிப்பு கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டி, குழிகளின் எண்ணிக்கையைப் 'பரிசீலிப்பது'. இதை ஆய்வாளருக்கு அன்றே தெரியப்படுத்தினோம். கடிதம் சுருக்கமாகவும் கம்பீரமாகவும் இருந்தது.

பிரிசில்லாவின் அறிக்கையும் சுருக்கமாகத்தான் இருந்தது: 'அண்மைக்காலக் கைவேலை காணப்படுவதாலும், அதை விளக்க யாரும் முன்வராததாலும், குழிகளின் தொன்மை உறுதிப்படவில்லை.'

அடுத்த வாரம் மஞ்சள் நிற இயந்திரங்கள் கல்லுமேட்டில் இறங்கின. வீட்டுக்காரர்களுக்கு வெள்ளாற்றங்கரையில் மனை ஒதுக்கினார்கள். நல்ல காற்றோட்டமான இடம். ஐப்பசியில் ஆறே வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகும். ஆண்டி முதல் மழைக்கே கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்துவிட்டார். பாறையை வெடி வைத்து உடைத்து, அங்கேயே ஜல்லியாக்கி, அதே சாலையில் கொட்டி உருளை விட்டார்கள். மூவாயிரம் ஆண்டு நட்சத்திரங்களின்மேல் இப்போது மணல் லாரிகள் போகின்றன. தொன்மையும் நவீனமும் இவ்வளவு நெருக்கமாகக் கலந்த சாலை இந்தியாவில் வேறு இருக்குமா தெரியவில்லை.

நாங்கள் சொன்ன சொல் தவறவில்லை. அறிவித்தபடி இருபத்தொரு நாள் முடிந்து, மறுநாள் பொதுக்குழு கூடியது. 'இருபத்தேழு' என்பதை 'முப்பத்தொன்று' என்று திருத்த வேண்டுமென்ற தீர்மானத்தைத் தலைவரே முன்மொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டல் அடங்கக் கொஞ்சநேரமாயிற்று.

ஆண்டு விழாவையும் இளவரசு மகாலிலேயே வைத்தோம். 'கல்லைக் காத்த குடும்பம்' என்ற வகையில் ஆண்டிக்கும் லோகநாயகிக்கும் பொன்னாடை போர்த்த ஏற்பாடு. ஆண்டி வரவில்லை. இசைவாணியும் வரவில்லை. லோகநாயகி மட்டும் வந்தார். சேலையின் கீழ்ப்பகுதி ஈரமாக இருந்தது. அந்த வாரம் ஆறு விசாரிக்க வந்திருந்தது.

மகால் வாசலில் வரவேற்பு மேசை. அதன்மேல் தட்டுகளுக்குப் பதிலாக ஒரு கல். வெடித்தபோது பாறையின் ஒரு மூலை மட்டும் சிதறாமல் பெயர்ந்து விழுந்ததாம். இளவரசு அதைத் தூக்கிவந்து, கீழே மட்டமாக அறுத்து, பாலீஷ் போட்டு வைத்திருந்தார். வெடித்த அதிர்ச்சியில் கொளஞ்சியின் பூச்சு மூன்று குழிகளில் அப்படியே கழன்று வந்துவிட்டது. உள்ளே குழிகள் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று, எந்தக் காலத்திலோ யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கடைந்தவை என்று குழந்தைக்கும் தெரியும்படி இருந்தன. ஒன்றில் சந்தனம், ஒன்றில் குங்குமம், ஒன்றில் கற்கண்டு. நான்காவதில் மட்டும் பூச்சு நிற்கிறது, 'கொத்தனார்' உதிர்ந்துபோய்ப் பெயரும் நம்பரும் மட்டும் மிச்சம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அதைப் பந்தல்காரர் நம்பர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு போகிறார்கள். கொளஞ்சிக்கு இப்போது பந்தல் வேலையும் நிறைய வருகிறது.

ஆக, குழிகளின் பொருள் என்ன என்ற கேள்விக்குக் கழகம் கடைசியில் விடை கண்டுபிடித்துவிட்டது.

லோகநாயகி சந்தனக் குழியில் விரலை வைத்தார். சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அடிவரை விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இதுலதான் எங்க கோழி தண்ணி குடிக்கும்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். இந்த முக்கியமான தகவலை அன்றைக்கே ஆய்வாளரிடம் சொல்லியிருக்கலாமே அம்மா என்றார்.

"அன்னைக்கு இந்தக் குழியே இல்லன்னீங்களே சார்" என்றார் லோகநாயகி. பொன்னாடையை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.

விழாவின் நிறைவாக நன்றியுரை சொல்லும் பொறுப்பு செயலாளராகிய என்னுடையது. மண்டபத்தை வாடகை இல்லாமல் தந்த இளவரசுவுக்குக் கழகத்தின் சார்பில் நன்றி சொன்னேன். அவர் உடனே மேடைக்கு வந்து மைக்கை வாங்கி, இந்த மகால் இருக்கிற வரைக்கும் கழகத்திடம் வாடகை என்ற பேச்சே எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

மகால் இருக்கும். அதற்கு ஆக வேண்டியதைக் கழகம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது.